மகிழுந்து மெருகூட்டும் பொறி

மகிழுந்து மெருகூட்டும் பொறி என்பது மகிழுந்தின் வண்ணப்பூச்சில் விழுந்த நுண்கீறல்கள், நீர்க்கறைகள், மங்கல் ஆகியவற்றைத் தேய்த்து நீக்கவும், பூச்சின் மீது மெழுகைச் சீராகப் பரப்பவும் பயன்படும், கையில் பிடித்து இயக்கும் மின்கருவி ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளிலும் வாட்டர் வாஷ் நிலையங்களிலும் இது பாலிஷிங் மிஷின் அல்லது பஃப்பிங் மிஷின் என்று அழைக்கப்படுகிறது. இயங்கும் முறையைக் கொண்டு இப்பொறிகள் சுழல் பொறி, ஈரியக்கப் பொறி, கட்டாயச் சுழற்சி ஈரியக்கப் பொறி, மெழுகுப் பொறி என நான்காகப் பகுக்கப்படுகின்றன.

மெருகூட்டும்போது வண்ணப்பூச்சின் ஒரு மெல்லிய படலம் நிலையாக நீக்கப்படுகிறது. நீக்கிய படலத்தைத் திரும்பப் பெற மறுபூச்சு அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே பொறியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஆற்றலை மட்டும் அன்றி, வண்டியில் எவ்வளவு பூச்சு எஞ்சியுள்ளது, இனி எத்தனை முறை மெருகூட்ட நேரிடும் என்பவற்றையும் கருத வேண்டியுள்ளது. சுண்ணாம்புக்கல் தூசியும் சிமெண்ட் தூசியும் வண்டிகளின் மீது படியக்கூடிய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் போன்ற இடங்களில் இக்கணக்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

மெருகும் மெழுகும்

மெருகூட்டல், மெழுகிடல் ஆகிய இரண்டும் பேச்சு வழக்கில் பாலிஷ் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும் இவை வெவ்வேறு வேலைகள் ஆகும்.

* மெருகூட்டல்: அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்துகள்கள் கலந்த பசையைக் கொண்டு பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்துதல். கீறலைச் சுற்றியுள்ள பூச்சு கீறலின் அடிமட்டம் வரை தேய்க்கப்படுவதால் கீறல் மறைகிறது. பூச்சின் தடிமன் குறைகிறது.
* மெழுகிடல்: பூச்சின் மீது ஒரு காப்புப் படலத்தை ஏற்றுதல். பூச்சின் தடிமன் குறைவதில்லை. கீறலும் நீங்குவதில்லை, சிறிது காலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

மெழுகுகளில் பெயர் பெற்றது கார்னோபா மெழுகு ஆகும். இது பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலைகளில் இருந்து எடுக்கப்படுகிறது. இதன் உருகுநிலை ஏறத்தாழ 82 முதல் 86 பாகை செல்சியசு ஆகும். செயற்கைப் பலபடிகளால் ஆன காப்புப் பூச்சுகளும், சிலிக்கா சார்ந்த பீங்கான் வகைப் பூச்சுகளும் இதே பணிக்குப் பயன்படுகின்றன.

கீறலற்ற புதிய வண்டிக்கு மெழுகிடல் மட்டுமே போதுமானது. அதற்குக் கையும் ஒரு மென்பஞ்சும் போதும், பொறி கட்டாயம் அன்று.

வரலாறு

மெருகூட்டும் பொறியின் தொடக்கம் கையடக்க மின்கருவிகளின் தொடக்கத்தோடு இணைந்தது. செருமனியின் ஃபைன் நிறுவனம் 1895ஆம் ஆண்டில் கையில் பிடித்து இயக்கும் மின் துளைப்பானை உருவாக்கியது. செருமனியிலேயே 1922இல் தொடங்கப்பட்ட ஃபிளெக்ஸ் நிறுவனம் 1954இல் வேகமாகச் சுழலும் கோணச் சாணைப் பொறியை வெளியிட்டது. அந்நாட்டில் சாணைப் பொறியால் வெட்டுவதையும் தேய்ப்பதையும் குறிக்கும் வினைச்சொல்லாகவே இந்நிறுவனத்தின் பெயர் வழங்கலாயிற்று. சுழல் வகை மெருகூட்டும் பொறி, அடிப்படையில் வேகம் குறைக்கப்பட்ட கோணச் சாணைப் பொறியே ஆகும்.

மகிழுந்துப் பூச்சுகளில் ஏற்பட்ட மாற்றங்களும் இப்பொறியின் தேவையைத் தீர்மானித்தன. 1920களில் அமெரிக்காவின் டியூபான்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய டூக்கோ என்னும் நைட்ரோசெல்லுலோசுப் பூச்சு விரைவில் உலர்ந்தது, ஆனால் பளபளப்புப் பெற அதைத் தேய்க்க வேண்டியிருந்தது. 1980களில் நிறப்பூச்சின் மீது நிறமற்ற மேற்பூச்சு இடும் இரட்டை முறை பரவலானது. இம்மேற்பூச்சில், குறிப்பாகக் கரிய நிற வண்டிகளில், சுழல் பொறி விட்டுச்செல்லும் வட்டத் தடங்கள் எளிதில் புலப்பட்டன. இதனால் மரவேலையிலும் பூச்சு வேலையிலும் உப்புத்தாள் தேய்க்கப் பயன்பட்டு வந்த ஈரியக்கப் பொறி, மெருகூட்டலுக்கும் தழுவப்பட்டது. 1947இல் தொடங்கப்பட்ட இத்தாலியின் ரூப்பெஸ் நிறுவனம் 2010களின் தொடக்கத்தில் 15 மி.மீ, 21 மி.மீ வீச்சு கொண்ட பொறிகளை வெளியிட்டது. பெருவீச்சுப் பொறிகள் உலகெங்கும் பரவியது இதன் பின்னரே ஆகும்.

வண்ணப்பூச்சின் அமைப்பு

தொழிற்சாலையில் பூசப்பட்ட இக்கால மகிழுந்தின் வண்ணப்பூச்சு பொதுவாக நான்கு அடுக்குகளைக் கொண்டது. உலோகத்தகட்டில் இருந்து மேல்நோக்கி அவை பின்வருமாறு:

1. துருத்தடுப்புப் பூச்சு: ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர்
2. அடிப்பூச்சு, அதாவது பிரைமர்: ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர்
3. நிறப்பூச்சு: ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர்
4. கிளியர் கோட் என்று பட்டறைகளில் அழைக்கப்படும் நிறமற்ற மேற்பூச்சு: 30 முதல் 50 மைக்ரோமீட்டர்

மொத்தத் தடிமன் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரோமீட்டர் வரை அமைகிறது. மெருகூட்டல் முழுவதும் நான்காம் அடுக்கிலேயே நடைபெறுகிறது. இவ்வடுக்கு மனிதத் தலைமயிரின் தடிமனில் பாதி அளவினதே ஆகும். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்களில் இருந்து நிறத்தைக் காப்பதும் இவ்வடுக்கே. இது மிகவும் மெலிந்துவிட்டால் சில ஆண்டுகளில் வெளுத்து, தோல் உரிவது போல் உரியத் தொடங்கும். மேற்கூரையிலும் பானெட்டிலும் இதை முதலில் காணலாம்.

எடுத்துக்காட்டாக, 40 மைக்ரோமீட்டர் மேற்பூச்சு உள்ள வண்டியை எடுத்துக்கொள்ளலாம். கடும் தேய்ப்பு ஒன்றுக்கு 4 மைக்ரோமீட்டர் நீங்குவதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஒரு முறை என மூன்று ஆண்டுகளில் 12 மைக்ரோமீட்டர், அதாவது மேற்பூச்சில் 30 விழுக்காடு இழக்கப்படுகிறது. மென்மையான மெருகில் ஒரு முறைக்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவே நீங்குவதாகக் கொண்டால், அதே காலத்தில் இழப்பு 3 மைக்ரோமீட்டர் மட்டுமே.

இந்தியாவில் 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசடர் போன்ற வண்டிகளின் பழைய மாதிரிகளில் மேற்பூச்சு இல்லாத ஒற்றைப் பூச்சு காணப்படுகிறது. இவற்றை மெருகூட்டும்போது வண்டியின் நிறமே பேடில் ஒட்டும். மேற்பூச்சு உள்ள வண்டியில் அவ்வாறு நிறம் ஒட்டினால், மேற்பூச்சு முற்றிலும் தேய்ந்து நிறப்பூச்சு வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். வேலையை உடனே நிறுத்த வேண்டும்.

பூச்சின் தடிமனைத் தடிமன்மானியால் அளக்கலாம். 200 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட அளவு, அப்பகுதி மறுபூச்சு அடிக்கப்பட்டது என்பதையும், அதைவிடப் பல மடங்கு கூடிய அளவு, பூச்சின் அடியில் பட்டி வைக்கப்பட்டுள்ளது என்பதையும் உணர்த்தும். சாதாரணத் தடிமன்மானிகள் உலோகத்தின் மீது மட்டுமே வேலை செய்யும். பிளாஸ்டிக் பம்பரை அவற்றால் அளக்க இயலாது. மேலும் இவை மொத்தத் தடிமனையே காட்டும், மேற்பூச்சை மட்டும் தனித்துக் காட்டுவதில்லை.

அரியலூர், பெரம்பலூர் பகுதியின் சூழல்

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து பிரிக்கப்பட்டது. அதில் இருந்து அரியலூர் மாவட்டம் முதலில் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் தனி மாவட்டமாகச் செயல்படுகிறது. கிரீத்தேசியக் காலத்தில் கடல் கொண்டிருந்த இப்பகுதியில் சுண்ணாம்புக்கல் படிவுகள் மிகுதி. அண்மையில் உள்ள டால்மியாபுரத்தில் 1939இலும், அரியலூரில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் சார்பில் 1979இலும் சிமெண்ட் ஆலைகள் தொடங்கப்பட்டன. பின்னர் ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தாமரைக்குளம் ஆகிய ஊர்ப் பகுதிகளிலும் ஆலைகள் அமைந்தன. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் இப்பகுதிச் சாலைகளில் தொடர்ந்து செல்கின்றன. பெரம்பலூர் நகரை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 38, 2010ஆம் ஆண்டின் மறுஎண்ணிடலுக்கு முன் தேசிய நெடுஞ்சாலை 45 என்று அறியப்பட்டது.

இச்சூழலில் வண்டியின் பூச்சைப் பாதிக்கும் காரணிகள் பின்வருமாறு:

* சாலைத் தூசி: சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட்டின் கடினத்தன்மை மோ அளவுகோலில் 3 ஆகும். ஆனால் சாலைத் தூசியில் கலந்துள்ள மணலின் குவார்ட்சு 7 என்னும் கடினத்தன்மை உடையது. தூசியைக் காலையில் உலர்துணியால் தட்டித் துடைக்கும் வழக்கமே, வெயிலில் சிலந்திவலை போல் தெரியும் வலைக்கீறல்களுக்கு முதன்மைக் காரணம் ஆகும்.
* சிமெண்ட் தூசி: இது நீருடன் சேர்ந்தால் கடும் காரத்தன்மை பெறுகிறது. இரவில் பனி இறங்கும் மாதங்களில் வண்டியின் மீது படிந்த தூசி ஈரமாகி, இறுகி, பூச்சோடு ஒட்டிக்கொள்ளும்.
* கடின நீர்: சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம் உப்புகள் கூடுதலாக இருக்கும். வண்டியைக் கழுவி வெயிலில் உலர விட்டால் இவ்வுப்புகள் வெண்வளையங்களாகத் தங்கிவிடும்.
* வழிபாட்டுப் பொருட்கள்: ஆயுத பூசையின்போது இடப்படும் சந்தனமும் குங்குமமும் பல நாட்கள் உலர விடப்பட்டால் கறை பதியும். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி எடுப்பது கீறலை உண்டாக்கும், நீரில் ஊறவைத்துக் கழுவி எடுக்க வேண்டும்.

இறுகிய சுண்ணாம்புப் படிவை மெருகூட்டும் பொறியால் நீக்க முயல்வது தவறான முறை ஆகும். பெயர்ந்த துகள்கள் பேடில் சிக்கி, உப்புத்தாள் போலப் பூச்சைக் கீறும். கால்சியம் கார்பனேட்டு அமிலத்தில் கரையும் தன்மை உடையது. எனவே நீர்த்த வினிகர் போன்ற மென்னமிலத்தை நிழலில், சிறு பகுதியில் சோதித்த பின் தடவி, சில நிமிடங்களுக்குள் மிகுந்த நீரால் கழுவிவிடுவது தகுந்த முறை. கழிப்பறை தூய்மிப்பான்களில் உள்ள ஐதரோகுளோரிக் அமிலம் குரோமியப் பாகங்களையும் அலுமினியச் சக்கரங்களையும் அரிக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

இத்தகைய ஊர்களில் வண்டிகளுக்கு மெருகு மற்ற இடங்களைக் காட்டிலும் அடிக்கடி தேவைப்படுகிறது. ஆனால் மேற்பூச்சின் தடிமன் எல்லா ஊர்களிலும் ஒன்றே. ஆகவே ஒவ்வொரு முறையும் குறைவாகத் தேய்க்கும் பொறியே இங்கு ஏற்புடையது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி அல்லது ஐப்பசித் தொடக்கத்தில் மெழுகிட்டுவிடுவது, பின்வரும் மழை, பனிக் காலங்களில் தூசி ஒட்டுவதைக் குறைக்கும்.

வகைகள்

சுழல் பொறி

இதில் பேடு ஒரே அச்சில், ஒரே திசையில் சுழலும். வேகம் பொதுவாக நிமிடத்திற்கு 600 முதல் 3000 சுற்றுகள். பேடின் விட்டம் 150 முதல் 180 மி.மீ, எடை 2 முதல் 3 கிலோகிராம். ஆழ்ந்த கீறல்களையும் மறுபூச்சுக்குப் பின் இடும் உப்புத்தாள் தடங்களையும் விரைவாக நீக்கும். ஆயினும் ஒரே இடத்தில் சில நொடிகள் நின்றாலும் வெப்பம் மிகுந்து பூச்சு கருகக்கூடும். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு மெல்லியது என்பதால் அவ்விடங்களில் கூடுதல் கவனம் தேவை. பயிற்சி இல்லாதவர் கையில் இது ஹோலோகிராம் எனப்படும் வளைந்த ஒளித்தடங்களை விட்டுச்செல்லும்.

ஈரியக்கப் பொறி

இதில் பேடு மையம் விலகிய ஒரு சிறு வட்டத்தில் சுற்றிவருவதோடு, தன் அச்சிலும் தடையின்றிச் சுழலும். சிறுவட்டத்தின் விட்டம் வீச்சு எனப்படுகிறது. 8, 15, 21 மி.மீ ஆகியவை பரவலாகக் கிடைக்கும் வீச்சுகள் ஆகும். பேடின் எந்தப் புள்ளியும் ஒரே தடத்தில் திரும்பச் செல்லாததால் வட்டத் தடங்கள் மிகவும் குறைவு. கை அழுத்தம் மிகுந்தால் தற்சுழற்சி நின்று, பேடு அதிர்வு மட்டுமே கொள்ளும். அப்போது தேய்ப்பு பெரிதும் குறைகிறது. புதிதாகப் பழகுவோருக்கு இதுவே ஒரு பாதுகாப்பு ஆகும். தாங்குதட்டின் விளிம்பில் மையினால் ஒரு கோடு இட்டு வைத்தால், பேடு சுழல்கிறதா என்பதை வேலையின் இடையே அறியலாம்.

கட்டாயச் சுழற்சி ஈரியக்கப் பொறி

இதில் தற்சுழற்சியும் பற்சக்கரங்களால் இயக்கப்படுகிறது. அழுத்தினாலும், வளைந்த பரப்பில் வைத்தாலும் சுழற்சி நிற்காது. தேய்க்கும் திறனில் சுழல் பொறிக்கும் ஈரியக்கப் பொறிக்கும் இடைப்பட்டது. அதிர்வும் வெப்பமும் ஈரியக்கப் பொறியைவிடக் கூடுதல்.

மெழுகுப் பொறி

இரு கைகளால் பிடிக்கும் அகன்ற, ஆற்றல் குறைந்த பொறி. துணி உறை மாட்டி மெழுகு பரப்பவும் துடைக்கவும் ஏற்றது. கீறல்களை நீக்கும் ஆற்றல் இதற்கு இல்லை. விலை மலிவு என்பதால் மெருகூட்டும் பொறி என்று எண்ணி இதை வாங்கி ஏமாறுவோர் உண்டு.

மாற்றுக் கருவிகள்

துளைப்பானில் பேடு மாட்டிப் பயன்படுத்தும் வழக்கமும் உள்ளது. துளைப்பானின் பிடி பக்கவாட்டு விசைக்கு ஏற்றதாக இல்லாததால் பேடு சாய்ந்து, அதன் விளிம்பு பூச்சில் பதியும். கோணச் சாணைப் பொறியில் பேடு மாட்டுவது இதைவிட இடர் மிக்கது. வேகக் கட்டுப்பாடு இல்லாத 100 மி.மீ சாணைப் பொறிகளின் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 சுற்றுகள். அவ்வேகத்தில் பேடு கழன்று பறக்கவும் பூச்சு நொடிப்பொழுதில் கருகவும் கூடும்.

தேய்ப்பு வேக ஒப்பீடு

பேடு பூச்சின் மீது நகரும் வேகத்தை எளிய வாய்பாட்டால் கணிக்கலாம். விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14 ஆலும் நிமிடச் சுற்றுகளாலும் பெருக்கி, 60 ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். சுழலும் பொறிகளுக்குப் பேடின் விட்டத்தையும், ஈரியக்கப் பொறிக்கு வீச்சையும் கொள்ள வேண்டும்.

| கருவி | விட்டம் அல்லது வீச்சு | நிமிடச் சுற்றுகள் | வேகம் (மீட்டர்/நொடி) |
|---|---|---|---|
| கோணச் சாணைப் பொறி | 100 மி.மீ | 11,000 | 58 |
| சுழல் பொறி, உச்ச வேகம் | 180 மி.மீ | 3000 | 28 |
| சுழல் பொறி, மிதவேகம் | 180 மி.மீ | 1200 | 11 |
| ஈரியக்கப் பொறி | 21 மி.மீ | 4000 | 4.4 |
| ஈரியக்கப் பொறி | 15 மி.மீ | 4000 | 3.1 |
| ஈரியக்கப் பொறி | 8 மி.மீ | 4000 | 1.7 |

சுழலும் பொறிகளுக்கு இது பேட்டின் விளிம்பில் உள்ள வேகம் ஆகும். ஈரியக்கப் பொறிகளில் பேடின் தற்சுழற்சி சேர்க்கப்படவில்லை, அது இவ்வேகத்தைச் சற்றுக் கூட்டும். ஆயினும் இரு வகைகளுக்கும் இடையே வெப்பத்தில் காணப்படும் பெரும் வேறுபாட்டின் காரணத்தை இவ்வெண்கள் விளக்குகின்றன.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

* வேகக் கட்டுப்பாடு: குறைந்த வேகத்தில் தொடங்கும் வசதி இன்றியமையாதது. மெதுவாகத் தொடங்கும் அமைப்பு இல்லாத பொறிகள் பசையை வண்டி முழுவதும் தெறிக்கச் செய்யும். சுமை ஏறினாலும் வேகத்தை நிலையாக வைக்கும் மின்னணுக் கட்டுப்பாடு விரும்பத்தக்கது.
* வீச்சு: பானெட், மேற்கூரை போன்ற அகன்ற பரப்புகளுக்கு 15 அல்லது 21 மி.மீ ஏற்றது. வளைவுகளும் குறுகிய பகுதிகளும் மிகுந்த சிறு வண்டிகளுக்கு 8 அல்லது 15 மி.மீ போதும்.
* தாங்குதட்டு: 125 மி.மீ தட்டு பெரும்பாலான வேலைகளுக்குப் பொருந்தும். 75 மி.மீ தட்டு தூண்களுக்கும் பம்பர் இடுக்குகளுக்கும் உதவும். பேடு தட்டைவிடச் சற்று அகலமாக இருத்தல் வேண்டும், இல்லையேல் தட்டின் விளிம்பு பூச்சில் இடிக்கும். சுழல் பொறிகளில் எம்14 மரை பரவலாக உள்ளது. தட்டு வாங்கும் முன் மரையின் அளவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.
* எடை: ஒரு வண்டிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். கதவுகளைத் தேய்க்கும்போது பொறியின் முழு எடையும் கைகளில் தங்கும். கடையில் பொறியைக் கிடைமட்டமாக நீட்டிச் சில நிமிடங்கள் பிடித்துப் பார்ப்பது பயனுள்ள சோதனை.
* மின்னழுத்தம்: இந்தியாவின் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட்டு, 50 ஏர்ட்சு ஆகும். அமெரிக்காவில் இருந்து உறவினர் வழியாக வரும் 120 வோல்ட்டுப் பொறியை நேரடியாக இணைத்தால் மின்னோடி எரிந்துவிடும்.
* மின்னோட்டம்: 1200 வாட்டுப் பொறி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 5.2 ஆம்பியர் எடுக்கும். இது 6 ஆம்பியர் செருகியின் எல்லைக்கு அருகில் உள்ளது. எனவே 16 ஆம்பியர் இணைப்பு நல்லது. 700 வாட்டு ஈரியக்கப் பொறிக்கு 3 ஆம்பியர் போதும். நீளமான, மெல்லிய நீட்டிப்புக் கம்பிகள் மின்னழுத்தத்தைக் குறைத்து மின்னோடியைச் சூடாக்கும்.
* மின்கலப் பொறி: மின்தடை நேரும் இடங்களிலும் வீடு தேடிச் சென்று செய்யும் வேலைகளிலும் ஏற்றது. முழு வண்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மின்கலங்கள் தேவைப்படும்.
* உதிரிப் பாகங்கள்: கார்பன் பிரஷ், தாங்குதட்டு ஆகிய இரண்டும் தேயும் பாகங்கள். இவை திருச்சிராப்பள்ளி போன்ற அண்மை நகரிலாவது கிடைக்குமா என்பதை வாங்கும் முன் அறிந்துகொள்ள வேண்டும். கார்பன் பிரஷ் கிடைக்காமையால் நல்ல மின்னோடி உள்ள பொறியும் பயனற்றுப் போகலாம்.

பேடுகளும் பசைகளும்

ஒரே பொறி, மாட்டப்படும் பேடையும் இடப்படும் பசையையும் பொறுத்துக் கடுமையாகவோ மென்மையாகவோ தேய்க்கும். ஆட்டுக்கம்பளி பேடு மிகக் கூடுதலாகத் தேய்க்கும். நுண்ணிழை பேடு அடுத்த நிலையிலும், ஃபோம் பேடு அதற்கடுத்த நிலையிலும் உள்ளன. ஃபோம் பேடுகளில் கடினம், நடுத்தரம், மென்மை என மூவகை உண்டு. இவற்றைக் குறிக்கும் நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால் நிறத்தைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது.

கடும் தேய்ப்புக்கான பசை காம்பவுண்டு எனவும், இறுதி மெருகுக்கானது பாலிஷ் எனவும் கடைகளில் விற்கப்படுகின்றன. சில பசைகளில் உள்ள எண்ணெயும் நிரப்பிகளும் கீறலை நீக்காமல் மறைத்து வைக்கும். சில முறை கழுவியதும் கீறல் மீண்டும் தோன்றும். நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்துப் பார்த்தால் உண்மை நிலை தெரியும். வண்டி வாங்குவோரும் விற்போரும் இதை அறிந்திருத்தல் நலம். சிலிக்கோன் கலந்த பசைகளைப் பூச்சு அடிக்கும் கூடத்தின் அருகே பயன்படுத்தினால், புதுப் பூச்சில் சிறு குழிகள் விழும்.

பயன்படுத்தும் முறை

1. வண்டியை நிழலில் நிறுத்தி, பெருமளவு நீரால் தூசியை இறக்கிய பின்னரே ஷாம்பு இட்டுக் கழுவ வேண்டும்.
2. சுண்ணாம்புப் படிவு, தார், ஒட்டிய துகள்கள் ஆகியவற்றை முதலில் நீக்க வேண்டும். மீந்த துகள்களை எடுக்க, வண்டிகளுக்கென விற்கப்படும் களிமண் கட்டியை ஈரப்பரப்பில் தேய்க்கலாம்.
3. விளிம்புகள், ரப்பர் பட்டைகள், கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவற்றின் மீது காகித நாடா ஒட்ட வேண்டும்.
4. ஒரு சிறு பகுதியில் மென்மையான பேடும் மென்மையான பசையும் கொண்டு சோதிக்க வேண்டும். கீறல் நீங்காவிடில் மட்டுமே ஒரு படி கடுமையானதற்குச் செல்ல வேண்டும்.
5. ஏறத்தாழ 50 செ.மீ சதுரப் பகுதிகளாகப் பிரித்து, பேடைப் பரப்பில் வைத்த பின்னரே பொறியை இயக்க வேண்டும். நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மாறி மாறி, மெதுவாக நகர்த்த வேண்டும்.
6. அவ்வப்போது பரப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூடு இருந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.
7. பேடைப் பகுதிக்குப் பகுதி தூரிகையால் தூய்மைப்படுத்த வேண்டும். தரையில் விழுந்த பேடைக் கழுவாமல் மீண்டும் பயன்படுத்தக் கூடாது.
8. இறுதியில் மெழுகு இட்டு, நுண்ணிழைத் துணியால் துடைக்க வேண்டும்.

கீறல்கள் அனைத்தையும் நீக்குவது குறிக்கோளாக இருத்தல் வேண்டியதில்லை. நகத்தில் தட்டுப்படும் அளவு ஆழ்ந்த கீறல் பெரும்பாலும் மேற்பூச்சைக் கடந்திருக்கும். அதைத் தேய்த்து மறைக்க முயன்றால் சுற்றியுள்ள நல்ல பூச்சும் இழக்கப்படும்.

பாதுகாப்பு

வாட்டர் வாஷ் நிலையங்களில் தரை எப்போதும் ஈரமாக இருப்பதால் மின்னதிர்ச்சி இடர் மிகுதி. மெருகூட்டும் இடம் உலர்ந்திருக்க வேண்டும். இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் பொருத்தப்பட வேண்டும். மின்கம்பியைத் தோளின் மீது போட்டுக்கொள்வது, அது பேடில் சிக்குவதையும் வண்டியைக் கீறுவதையும் தடுக்கும். துண்டு, தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி ஆகியவை சுழல் பொறியில் சிக்கக்கூடும்.

நாள்தோறும் பல மணி நேரம் இவ்வேலையைச் செய்வோருக்குத் தொடர் அதிர்வினால் விரல்கள் மரத்துப்போகும் நோய் ஏற்படலாம். இடைவெளி விட்டு வேலை செய்தலும் தேய்ந்த தாங்குதட்டை மாற்றுதலும் இதைக் குறைக்கும். உலர்ந்த பசைத் தூசியை உள்ளிழுக்காமல் இருக்க முகமூடியும், இரைச்சலைத் தணிக்கக் காதடைப்பானும் அணிதல் வேண்டும்.

தேவைக்கேற்ற தேர்வு

* சொந்த வண்டியை ஆண்டுக்கு ஓரிரு முறை மெருகூட்டுவோர்: 8 அல்லது 15 மி.மீ வீச்சுள்ள ஈரியக்கப் பொறி, 125 மி.மீ தாங்குதட்டு, நடுத்தர, மென்மை ஃபோம் பேடுகள்.
* புதிய வண்டிக்கு மெழுகு மட்டும் இடுவோர்: பொறி தேவையில்லை. விரும்பினால் ஈரியக்கப் பொறியைக் குறைந்த வேகத்தில் பயன்படுத்தலாம்.
* வாட்டர் வாஷ் நிலையங்கள்: 15 அல்லது 21 மி.மீ ஈரியக்கப் பொறி ஒன்று, இடுக்குகளுக்கு 75 மி.மீ தட்டுள்ள சிறு பொறி ஒன்று, தடிமன்மானி ஒன்று. பணியாளர்கள் மாறிக்கொண்டே இருக்கும் இடங்களில் சுழல் பொறியைத் தவிர்ப்பது நல்லது.
* டிங்கரிங், பெயிண்டிங் பட்டறைகள்: உப்புத்தாள் தடங்களை நீக்க, பயிற்சி பெற்றவர் கையில் சுழல் பொறியும், அது விட்டுச்செல்லும் தடங்களை நீக்க ஈரியக்கப் பொறியும்.
* பழைய ஒற்றைப் பூச்சு வண்டிகள்: ஈரியக்கப் பொறி, மென்மையான ஃபோம் பேடு, குறைந்த வேகம்.

இவற்றையும் பார்க்க

* மகிழுந்து
* சுண்ணாம்புக்கல்
* சிமெண்ட்
* கார்னோபா மெழுகு
* அரியலூர் மாவட்டம்
* பெரம்பலூர் மாவட்டம்